பொய் எப்போது அவதூறாகிறது?

(பர்லியாரில் நடந்த வாசகர் கூட்டம் ஒன்றில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அவதூறுச் சட்டத்தைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். நம் மலையில் உலவும் ஒரு பொய்யிலிருந்தே தொடங்குகிறேன். இந்தியத் தண்டனைச் சட்டத்தை மெக்காலே ஊட்டியில் உட்கார்ந்து எழுதினார் என்று சுற்றுலா வருகிறவர்களிடம் நம் வழிகாட்டிகள் சொல்வார்கள். 1834 கோடையில் அவர் ஊட்டியில் இருந்தது உண்மைதான். கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் அப்போது அங்கே தங்கியிருந்தார். அவரைப் பார்க்கத்தான் மெக்காலே சென்னையில் கப்பலை விட்டு இறங்கி, பெங்களூர், மைசூர் பக்கமாக மலையேறினார். நம் பர்லியார் வழி அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. ஆனால் சட்ட ஆணையம் வேலையைத் தொடங்கியதே அவர் கல்கத்தா போய்ச் சேர்ந்த பிறகு. வரைவு முடிந்தது 1837இல். அது சட்டமாக நிறைவேறிய 1860இல் மெக்காலே உயிரோடு இல்லை.

ஆக, அந்தக் கதை பொய். தினமும், பொது இடத்தில், நூற்றுக்கணக்கானவர்களிடம் சொல்லப்படும் பொய். இது அவதூறா? இல்லை. யாருடைய பெயரும் இதனால் கெடவில்லை. கெட்டால் சரித்திரம்தான் கெட்டது, சரித்திரத்துக்காக யாரும் வழக்குப் போட முடியாது. துரியன் பழம் தின்றால் பிள்ளை இல்லாதவர்களுக்குப் பிள்ளை பிறக்கும் என்ற பேச்சும் அப்படித்தான். 1871இல் இங்கே தொடங்கிய அரசுப் பழப்பண்ணையில் மங்குஸ்தானும் ஜாதிக்காயும் விளைவதைக் கேட்டு வருகிறவர்களைவிட, துரியனுக்காக நம்பிக்கையோடு வந்து நிற்கிறவர்களை எனக்கு அதிகம் தெரியும். அந்த நம்பிக்கைக்கு மருத்துவச் சான்று கிடையாது. ஆனாலும் அது அவதூறு ஆகாது.

முதலில் இதை மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். பொய் சொல்வதைத் தண்டிக்கும் சட்டம் இல்லை இது. ஒரு மனிதனின் பெயரைக் கெடுப்பதைத் தண்டிக்கும் சட்டம். 2024 ஜூலை 1 வரை இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 499, 500 பிரிவுகளாக இருந்தது, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவாகியிருக்கிறது. எண் மாறியது, வாசகம் பெரும்பாலும் மெக்காலே காலத்து வாசகமேதான். தண்டனை இரண்டாண்டு வரை வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும். சமூக சேவை என்ற ஒன்றைப் புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள்.

2018 மே மாதம் கோழிக்கோட்டில் நிபா காய்ச்சல் வந்தது நினைவிருக்கும். வௌவால் கடித்த பழத்தைத் தின்னாதீர்கள் என்று எச்சரிக்கை வந்தது. பழம் விற்றுப் பிழைக்கும் ஊருக்கு அதைவிடக் கெட்ட செய்தி உண்டா? அந்த நேரத்தில் ஒருவர், “மலைப்பழம் எதைத் தின்றாலும் நிபா வரும்” என்று ஊரெல்லாம் சொல்லியிருந்தால் அது பொய்; அதனால் உங்கள் வியாபாரமும் படுத்திருக்கும். ஆனால் உங்களில் ஒருவர் குன்னூர் கோர்ட்டுக்குப் போய் “என்னை அவதூறு செய்தார்” என்று சொல்லியிருந்தால், “உங்களைப் பற்றி அவர் என்ன சொன்னார்?” என்றுதான் நீதிபதி கேட்டிருப்பார். அதே ஆள், “வளைவுக்கு முன்னால் பச்சைத் தகரம் போட்ட கடையில் வௌவால் கடித்த பழத்தைக் கழுவி விற்கிறார்கள்” என்று சொல்லியிருந்தால் கதை வேறு. பெயர் சொல்லவில்லை என்பது அங்கே எடுபடாது. கேட்கிற ஊர்க்காரருக்கு எந்தக் கடை என்று தெரிந்தால் போதும். ஒருவரது ஒழுக்கத்தை மட்டுமல்ல, அவருடைய தொழிலை, சாதியை, கொடுக்கல் வாங்கல் நாணயத்தை அடுத்தவர் கண்ணில் தாழ்த்துவதும் கேடுதான் என்று சட்டமே விளக்கம் தருகிறது. பச்சைத் தகரக் கடைக்காரர் தாராளமாக வழக்குப் போடலாம்.

இன்னொன்றும் வேண்டும். மூன்றாவது ஆள் ஒருவர் அதைக் கேட்டிருக்க வேண்டும், அல்லது படித்திருக்க வேண்டும். உங்களை உங்கள் முகத்துக்கு நேரே, தனியாக நிறுத்தி, “நீ திருடன்” என்றால் அது வேறு ஏதாவது குற்றமாகலாம், அவதூறு இல்லை. அவதூறுக்கு அடுத்தவர் காது வேண்டும்.

குறிப்பிட்ட மனிதர் என்ற இந்த நிபந்தனையை உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது நம் சேலத்து வழக்கு ஒன்றில். 1971 ஜனவரியில் சேலத்தில் திராவிடர் கழகம் மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாடு நடத்தியது. பிறன் மனைவி விவகாரம் பற்றி அங்கே நிறைவேறிய ஒரு தீர்மானம், பத்திரிகைகளில் பொருள் திரிந்து வந்துவிட்டது என்று வரவேற்புக் குழுத் தலைவர் சொக்கப்பா, ‘தி இந்து’, ‘தினமணி’ உள்ளிட்ட பத்திரிகைக்காரர்கள் மேல் அவதூறு வழக்குப் போட்டார். உச்ச நீதிமன்றம் 1972இல் அதைத் தள்ளிவிட்டது. மாநாடு என்பது வந்து கலைந்து போன கூட்டம். அதில் யார் யார் இருந்தார்கள், யார் கையைத் தூக்கினார்கள் என்று வரையறுக்க முடியாது. ஆகவே அதன் பெயரில் ஒருவர் வந்து என் மானம் போயிற்று என்று கேட்க முடியாது என்றது. திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றி நடிகை குஷ்பு 2005இல் சொன்ன கருத்துக்காகத் தமிழ்நாட்டின் பல ஊர்களில் குவிந்த புகார்கள் உட்பட 23 புகார்களும் 2010இல் உச்ச நீதிமன்றத்தில் விழுந்தன. தமிழ்ப் பெண்கள் எல்லோரையும் சொன்னதாக எடுத்துக்கொண்டு ஒவ்வொரு ஊரிலும் ஒருவர் வழக்குப் போட முடியாது.

ஆனால் இதே கேள்வியில் ராகுல் காந்தி சிக்கினார். 2019 ஏப்ரலில் கர்நாடகத்தின் கோலாரில் மோடி என்ற பெயரை வைத்து அவர் பேசிய ஒரு வாக்கியத்துக்கு, குஜராத்தில் அதே பெயர் கொண்ட சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் வழக்குத் தொடுத்தார். சூரத் நீதிமன்றம் 2023 மார்ச்சில் முழு இரண்டாண்டு தண்டனை கொடுத்தது. இரண்டாண்டு என்றால் எம்.பி. பதவி போய்விடும்; ஒரு நாள் குறைந்திருந்தாலும் போயிருக்காது. அதிகபட்ச தண்டனைக்குக் காரணம் எழுதவில்லையே என்று கேட்டு, ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. சேலம் வழக்கின் அளவுகோலை சூரத்தில் ஒழுங்காகப் பிடித்திருந்தால் அந்த வழக்கு அவ்வளவு தூரம் போயிருக்கவே கூடாது என்பது என் கருத்து.

குறிப்பிட்ட ஆள் வேண்டும் என்ற விதி பேச்சுரிமைக்கு நல்லது. ஆனால் அதன் மறுபக்கத்தை நீலகிரிக்காரர்களிடம் நான் மறைக்கக் கூடாது. மெக்காலே இந்த மலையை விட்டு இறங்கிய மறு வருடம், 1835இல், இங்குள்ள குறும்பர் பழங்குடியினர் 48 பேர் கொல்லப்பட்டதாக மாவட்ட கெசட்டியர் பதிவு செய்கிறது. 1875இலும் 1882இலும் மறுபடி கொலைகள். 1900இல் ஒரு குடும்பமே அழிந்தது. காரணம் என்ன? குறும்பர் சூனியம் வைப்பார்கள், பார்வை பட்டால் மாடு சாகும், பிள்ளை சாகும் என்ற பேச்சு. ஒரு சமூகத்தின் மேல் காலங்காலமாகச் சொல்லப்பட்ட பொய் அது. இந்த மலையில் சொல்லப்பட்ட பொய்களில் இவ்வளவு உயிரைக் குடித்தது வேறு எதுவும் எனக்குத் தெரியாது. அந்தப் பொய்க்கு அவதூறுச் சட்டத்தில் மருந்து கிடையாது. ‘குறும்பர்கள்’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் குறிப்பிட்ட ஆள் இல்லையே!

இப்போது மருந்து வேறு இடத்தில் இருக்கிறது. 2016 ஜனவரி முதல் அமலுக்கு வந்த திருத்தத்தின்படி, பட்டியல் சாதி, பழங்குடியினர் ஒருவரை மாந்திரீகம் செய்கிறார் என்று குற்றம் சாட்டி உடலுக்கோ மனதுக்கோ துன்பம் விளைவித்தால் அது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம். குறும்பாடியிலிருந்தும் மற்ற பதிகளிலிருந்தும் யாராவது வந்திருந்தால் இதை ஊரில் போய்ச் சொல்லுங்கள். இதற்கு நீங்களாக வக்கீல் வைத்து வழக்குப் போட வேண்டியதில்லை. காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால் அவர்கள் பதிவு செய்தே ஆக வேண்டும்.

சரி, உண்மையைச் சொன்னால் தப்பிக்கலாமா? எல்லோரும் கேட்கும் கேள்வி. நஷ்டஈடு கேட்கும் சிவில் வழக்கில் தப்பிக்கலாம்; சொன்னது உண்மை என்று காட்டிவிட்டால் வழக்கு முடிந்தது. கிரிமினல் வழக்கில் உண்மை மட்டும் போதாது. உண்மையாகவும் இருக்க வேண்டும், அதைச் சொல்வதில் பொது நன்மையும் இருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரின் பழைய நோயைத் தெருவில் கூவினால் அது உண்மை என்பதற்காக விட்டுவிட மாட்டார்கள். பொதுவாக எந்த வழக்கானாலும், உண்மை என்று காட்ட வேண்டிய பாரம் சொன்னவர் தலையில்தான். “ஊரே பேசுகிறது” என்பது சாட்சியம் ஆகாது.

இதற்கு வெகுதூரம் போக வேண்டாம். கோத்தகிரிப் பக்கம் கொடநாடு எஸ்டேட்டில் 2017 ஏப்ரல் 24 அதிகாலையில் காவலாளி ஒருவர் கொல்லப்பட்டு, பங்களாவில் கொள்ளை நடந்தது. குற்றம் சாட்டப்பட்ட ஓட்டுநர் நான்கே நாளில் ஆத்தூர் அருகே சாலை விபத்தில் இறந்தார். அன்று முதல் டீக்கடைக்கு டீக்கடை இதற்கு ஒரு கதை உண்டு. கிரிமினல் வழக்கு உதகை நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்காக நடந்துவருகிறது. இதற்கிடையில், சம்பவத்தின்போது முதலமைச்சராக இருந்த எடப்பாடி பழனிசாமியை இதில் தொடர்புபடுத்தி, இறந்த ஓட்டுநரின் சகோதரர் ஊடகங்களில் பேசினார். பழனிசாமி சென்னை உயர் நீதிமன்றத்தில் மானநஷ்ட வழக்குப் போட்டார். 2024 நவம்பரில் தீர்ப்பு: 1 கோடியே 10 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும்.

தொகையைக் கேட்டுப் பெருமூச்சு விடுகிறீர்கள். அந்தத் தொகை சாதாரண மனிதர் ஒருவரிடமிருந்து வசூலாகுமா என்பதை விடுங்கள். கவனிக்க வேண்டியது வேறு. கொலை வழக்கில் யார் குற்றவாளி என்று சிவில் கோர்ட் சொல்லவில்லை. அது உதகை நீதிமன்றத்தின் வேலை. மைக்கைப் பிடித்து ஒருவர் மேல் கொலைப்பழி சொல்கிறவர், அன்றைக்கே கையில் ஆதாரம் வைத்திருக்க வேண்டும் என்பதுதான் அதில் உள்ள பாடம். அதே சந்தேகத்தை அதே மனிதர் புலனாய்வு அதிகாரியிடம் நல்லெண்ணத்தோடு வாக்குமூலமாகச் சொல்லியிருந்தால் சட்டம் அவருக்குக் குடை பிடிக்கும். அந்த விதிவிலக்கைக் கடைசியில் சொல்கிறேன்.

பெயர் கெட்டவன் கோர்ட்டுக்குப் போகும் வழி இல்லாவிட்டால் என்ன ஆகும்? வயதானவர்களுக்கு லட்சுமிகாந்தன் பெயர் தெரியும். ‘சினிமா தூது’ என்றும் பிறகு ‘இந்துநேசன்’ என்றும் பத்திரிகை நடத்தி, நடிகர் நடிகைகளின் அந்தரங்கம் என்று எழுதித் தள்ளிய மனிதர். 1944 நவம்பர் 8ஆம் தேதி சென்னை வேப்பேரியில் பட்டப்பகலில் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். நடிகர்கள் தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதாகி, ஆயுள் தண்டனை பெற்று, பிரிவி கவுன்சில் வரை போய், 1947 ஏப்ரலில் விடுதலையானார்கள். நிரபராதிகள் என்று வெளியே வந்தபோது பாகவதரின் திரை வாழ்க்கை ஏறக்குறைய முடிந்திருந்தது. யார் குத்தினார்கள் என்ற கேள்வி இன்றும் அப்படியே நிற்கிறது. அவதூறு எழுதியவர் உயிர் போனது. எழுதப்பட்டவர்கள் சிறை சென்றார்கள். காசு கொடுத்து வாங்கிப் படித்த சென்னைக்காரர்கள் மேல் எந்த வழக்கும் இல்லை!

மெக்காலேவுக்கு ஒரு நியாயம் செய்துவிடுகிறேன். இங்கிலாந்தில் அன்று எழுத்தில் வந்தால்தான் அவதூறு பொதுவாகக் கிரிமினல் குற்றம். அதுவும் அடிதடி வரும், அமைதி கெடும் என்ற காரணத்துக்காக. அவர் அதை ஏற்கவில்லை. வாயால் சொன்னாலும் எழுதினாலும் ஒன்றே, மனிதன் மனம் புண்படுவதே குற்றத்துக்குப் போதுமான காரணம் என்று வரைந்தார். நல்ல மனதோடு செய்ததுதான். ஆனால் இங்கிலாந்து 2009இல் சட்டம் போட்டு கிரிமினல் அவதூறை எடுத்தே விட்டது. இலங்கை 2002லேயே எடுத்துவிட்டது. நாம் வைத்திருக்கிறோம். 2016 மே 13 அன்று சுப்பிரமணியன் சுவாமி வழக்கில் உச்ச நீதிமன்றம், வாழும் உரிமைக்குள் நற்பெயரும் அடங்கும், ஆகவே பிரிவு செல்லும் என்றது. சுவாமி அந்த வழக்குக்கு வந்ததே, ட்விட்டரில் எழுதியதற்காகத் தமிழக அரசு அவர் மேல் வழக்குகள் போட்டதால்தான்.

அந்த ஆண்டு ஆகஸ்டில் இன்னொரு கணக்கு வெளியே வந்தது. ஜெயலலிதா அரசு ஐந்தாண்டில் போட்ட அவதூறு வழக்குகள் 213 என்று உச்ச நீதிமன்றத்தில் பட்டியல் வந்தது. எதிர்க்கட்சிக்காரர்கள் மேல், பத்திரிகைகள் மேல். அமைச்சர் சார்பில் அரசு வழக்கறிஞரே நேராக செஷன்ஸ் கோர்ட்டில் வழக்குப் போடும் தனி வழி சட்டத்தில் இருக்கிறது. உங்களுக்கும் எனக்கும் அந்த வழி கிடையாது. நாம் மாஜிஸ்திரேட் கோர்ட்டில், சொந்தக் காசில், ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு நிற்க வேண்டும். ஏழையின் மானத்தைக் காக்கும் சட்டம் என்று இதை யாராவது சொன்னால் நான் சிரிப்பேன்.

இவ்வளவுக்கும் 1994லேயே உச்ச நீதிமன்றம் எல்லை வகுத்திருந்தது, அதுவும் ஒரு தமிழ்நாட்டு வழக்கில். கொலைக் கைதி ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய தன்வரலாற்றை ‘நக்கீரன்’ வெளியிடப் போகிறது என்றதும் சிறைத்துறை மிரட்டல் கடிதம் அனுப்பியது. போலீஸ் அதிகாரிகளின் தொடர்புகள் அதில் வருமே! பத்திரிகை ஆசிரியர் ராஜகோபால் உச்ச நீதிமன்றம் போனார். நீதிபதி ஜீவன் ரெட்டி எழுதிய தீர்ப்பின் சாரம் இது: அரசாங்கம் என்ற அமைப்பு மானநஷ்ட வழக்குப் போட முடியாது, வெளிவரும் முன்பே எழுத்தைத் தடுக்க முடியாது, அதிகாரிகளின் கடமை சார்ந்த செயல்களைப் பற்றி எழுதினால், பொய் என்பது மட்டும் போதாது, உண்மையா என்று பார்க்கக்கூட அக்கறை இல்லாமல் எழுதப்பட்டது என்று காட்டினால்தான் நஷ்டஈடு. 2020 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி அப்துல் குத்தூஸ், என். ராம், நக்கீரன் கோபால் முதலியவர்கள் மேல் அரசு போட்ட வழக்குகளை ரத்து செய்தபோது, சாதாரண மனிதனைப் போல அரசு ரோஷப்பட்டுக் கோர்ட்டுக்கு ஓடிவரக் கூடாது என்ற பொருளில் எழுதினார். எந்தக் கட்சி ஆண்டாலும் அந்தத் தீர்ப்பைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம்.

இனி உங்கள் கையில் இருக்கும் போனுக்கு வருகிறேன். “நான் எழுதவில்லை, வந்ததை அனுப்பினேன்” என்பது சமாதானம் ஆகாது. செய்தவரை மட்டுமல்ல, வெளியிட்டவரையும் சட்டம் பிடிக்கிறது. நடிகர் எஸ்.வி. சேகர் 2018இல் பெண் பத்திரிகையாளர்களைப் பற்றி யாரோ எழுதியதை முகநூலில் பகிர்ந்தார். படிக்காமல் பகிர்ந்துவிட்டேன் என்றார், நீக்கினார், மன்னிப்பும் கேட்டார். 2024 பிப்ரவரியில் ஒரு மாதச் சிறையும் 15,000 ரூபாய் அபராதமும் விதித்தார்கள். அது அவதூறுப் பிரிவில் இல்லை, பெண்களை இழிவு செய்யும் பிரிவுகளில். பகிர்ந்தவர் தப்பவில்லை என்பது மட்டும் இங்கேயும் பொருந்தும்.

வக்கீல் நோட்டீஸ் வந்தால் பயந்து நடுங்காதீர்கள். ஒரு கோடி, பத்து கோடி என்று நோட்டீஸில் எழுதக் காசு ஆகாது. வழக்காகப் போடும்போது கேட்கும் தொகையில் நூற்றுக்கு மூன்று வீதம் கோர்ட் கட்டணம் கட்ட வேண்டும். சொன்ன நாளிலிருந்து ஓராண்டுக்குள் சிவில் வழக்கு, மூன்றாண்டுக்குள் கிரிமினல் வழக்கு. அதற்குப் பிறகு போட்டால் காலம் கடந்தது. “போலீஸை விட்டுப் பிடிக்கிறேன்” என்று அவதூறுக்காக யாராவது மிரட்டினால், பிடியாணை இல்லாமல் இதில் கைது செய்யும் அதிகாரம் போலீஸுக்கு இல்லை என்று சொல்லுங்கள். புதிய நடைமுறைச் சட்டத்தில், மாஜிஸ்திரேட் புகாரைக் கோப்பில் எடுக்கும் முன்பே உங்கள் பக்கத்தைக் கேட்க வேண்டும் என்ற விதியும் வந்திருக்கிறது.

கடைசியில் சொல்கிறேன் என்ற விதிவிலக்கு இது. பத்து விதிவிலக்குகளில் எட்டாவது. ஒருவர் மேல் உள்ள குற்றச்சாட்டை, அதை விசாரிக்க அதிகாரம் உள்ளவரிடம் நல்லெண்ணத்தோடு சொன்னால் அது அவதூறு ஆகாது. பச்சைத் தேயிலைக்கு எடையில் ஏமாற்றுகிறார்கள், தூளில் சாயம் கலக்கிறார்கள் என்று உங்களுக்கு நியாயமான சந்தேகம் இருந்தால், அந்த ஃபேக்டரியின் பெயரைப் போட்டுக் குன்னூர் தேயிலை வாரியத்துக்கு எழுதலாம். உணவுப் பாதுகாப்பு அதிகாரிக்கு எழுதலாம். கலெக்டர் மனுநீதி நாளில் நேரில் கொடுக்கலாம். நோட்டீஸ் பயத்தில் இந்தப் பக்கத்து ஜனங்கள் மனு எழுதாமல் இருந்துவிடுவதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். அது யாருக்கு வசதி என்று சொல்லத் தேவையில்லை.

ஆகவே எழுதுங்கள். பார்த்ததைப் பார்த்ததாக, கேட்டதைக் கேட்டதாக எழுதுங்கள், தேதி போடுங்கள், கையெழுத்துப் போட்டு, ரசீது கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். அந்த மனுவைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் மட்டும் போடாதீர்கள். எட்டாவது விதிவிலக்கு தேயிலை வாரியத்துக்கும் கலெக்டருக்கும் எழுதினால்தான் உண்டு. வாட்ஸ்அப் குழுவுக்குக் கிடையாது.